டாக்டர் கார் வரட்டும்

எங்கள் தெருமுனையில் நின்று பார்த்தால் எதிரே அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பெரிய வாசல் தெரியும். கூப்பிட்டால் காதில் விழும் தூரம்தான். நடுவில் ரோடு. முன்பு அது சின்ன ரோடு, குழியும் மேடுமாகக் கிடந்தது, வண்டிகள் முனகிக்கொண்டுதான் போகும். அதை அகலப்படுத்தி, வழவழவென்று தார் போட்டு, நடுவில் இடுப்பளவு சுவர் எழுப்பி முடித்தபோது எங்கள் தெருவே வேடிக்கை பார்க்கப் போனது. நானும்தான் போனேன். நமக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்ட பைத்தியங்களில் நானும் ஒருத்தி.

ஆட்கள் கடப்பதற்கு நடைமேம்பாலம் கட்டியிருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, கடைகள் பக்கம் இருக்கிறது. அதில் ஒரு லிப்டும் உண்டு. திறந்துவைத்த அன்று மேலே போன லிப்ட், இன்னும் கீழே வரவில்லை.

காலையில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பட்டாளமே அந்த அடுக்குமாடிக்கு வேலைக்குப் போகும். பாத்திரம் தேய்ப்பவர்கள், தரை துடைப்பவர்கள், பிள்ளை பார்த்துக்கொள்பவர்கள். நான் சமையல். என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, மூன்று வீடுகளில் தரை துடைத்தாள். புருஷன் விட்டுப்போனதிலிருந்து மகளோடு எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தாள். குனிந்து குனிந்து துடைத்ததில் அவளுக்கு முட்டி போய்விட்டது. ஒரு காலை ஊன்றி, மற்றதை யோசித்து யோசித்து எடுத்து வைப்பாள். அதனால் நான் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். தெருவே அப்படித்தான் கூப்பிட்டது.

"என்னடி எக்ஸ்பிரஸ், இன்னைக்காவது கிளம்புமா?" என்பேன்.

"நீங்க போங்க அண்ணி. நான் எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் வருவேன்" என்பாள். கோபமே வராது அவளுக்கு. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ரோட்டின் நடுச் சுவரில், அந்த வாசலுக்கு நேராக மட்டும் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே குடியிருப்பவர்களின் கார்கள் திரும்புவதற்காக. கார் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் ரோட்டை நிறுத்த ஒரு காவலாளி உண்டு. கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். நாங்கள் கொடிக்காரர் என்போம். காரின் மூக்கு வாசலில் தெரிந்ததுமே விசில் அடித்துக்கொண்டு அந்த இடைவெளிக்கு ஓடுவார். கொடியை ஒரு பக்கம் நீட்டுவார், கையை மறுபக்கம் காட்டுவார். அவ்வளவுதான். லாரி நிற்கும், பஸ் நிற்கும், உயிர் போகிற அவசரத்தில் வருகிற பைக்கெல்லாம் நிற்கும். நாங்கள் கூட்டமாக நின்று கும்பிட்டாலும் நிற்காத ரோடு, ஒரே ஒரு காருக்குப் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். அந்த நேரத்தில், காரின் நிழலை ஒட்டி, நாங்களும் ஓடிக் கடந்துவிடுவோம்.

கொடிக்காரர் ஈரமுள்ள மனிதர். எங்கள் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டால், வாசலில் கார் இல்லாவிட்டாலும், இருப்பது போல ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். பிறகு விசில் அடிப்பார். வராத காருக்கு ரோட்டை நிறுத்துவார். கடைசி ஆள் தாண்டும்வரை கொடி இறங்காது. கடைசி ஆள் எப்போதும் எங்கள் எக்ஸ்பிரஸ்தான்.

"மெதுவா வாம்மா, ரோடு எங்கயும் போயிடாது" என்பார் அவளிடம்.

நாங்களும் எத்தனையோ நாள் அப்படிக் கடந்தோம். நல்ல காரியத்துக்குத்தான் சீக்கிரம் கண் பட்டுவிடுகிறதே. ஒரு நாள், அங்கேயே குடியிருக்கும் ஒருவர் உடற்பயிற்சி முடித்துக் காரில் திரும்பி வந்திருக்கிறார். தன் வீட்டு வாசலிலேயே தன் காவலாளி தன்னை நிறுத்துகிறான். எந்தக் காருக்காக என்று பார்த்தால், கார் இல்லை. கையில் செருப்பும் தூக்குவாளியுமாக வேலைக்காரிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். உடனே செல்போனில் படம் பிடித்து அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாம் சம்பளம் கொடுப்பது யாருக்காக என்று கீழே ஒரு கேள்வி.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது நான் சமைக்கிற வீட்டு அம்மா. அவர்தான் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நல்ல மனுஷி, பொய் சொல்லக் கூடாது. என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். என் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அன்றைக்கு அடுப்படிக்கே வந்து நின்று, நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இனிமே காருக்கு மட்டும்தான் நிறுத்தணும்னு சொல்லிட்டாங்க. சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டுக் கண்டிச்சாச்சு."

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன்.

"மேடம், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எங்களுக்குன்னு அவர் விசில் அடிச்சா போதும். வேற ஒண்ணும் கேக்கல. நீங்க மீட்டிங்குல சொன்னா கேப்பாங்க."

"கண்டிப்பா பேசுறேன்" என்றார். பேசவும் செய்தார். அதையும் மறைக்கக் கூடாது. மீட்டிங் முடிந்த மறுநாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேசினேன். ஆனா வக்கீல் ஒருத்தர் இருக்காரே, அவர் வேற மாதிரி சொல்றார். நம்ம ஆள் கொடி காட்டி, அதை நம்பி யாராவது இறங்கி, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு நம்ம மேல வந்துடுமாம். பாலம் இருக்கே, அதுல போகச் சொல்லுங்கன்னுட்டாங்க."

"காருக்குக் கொடி காட்டி ஏதாவது ஆனா?"

"அது நம்ம வண்டி. அது வேற" என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குடியிருப்பின் வாசலிலும் உள்ளே இருக்கும் லிப்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். பணியாளர்கள் நடைமேம்பாலத்தைப் பயன்படுத்தவும், உங்கள் உயிர் விலைமதிப்பற்றது. கீழே ஒரு சிரித்த முகம் வேறு. பாலத்தில் ஏறி இறங்கி வந்தால் வேலைக்கு நேரமாகிவிடும். நேரமானால் அதே வாசலில் விரல் வைக்கும் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு எக்ஸ்பிரஸின் முட்டிக்கு அத்தனை படிகள் என்பது நடக்கிற காரியமா? விலைமதிப்பற்ற உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே நின்றோம்.

கொடிக்காரர் எங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"என்ன அண்ணே, எங்களைத் தெரியலையா?"

"தெரியாம என்னம்மா" என்றார், தரையைப் பார்த்து. "கார் பின்பக்கம் தாண்டுனதும் கொடி கீழ இறங்கணுமாம். கேமராவுல பாத்துக்கிட்டே இருக்காங்க. இந்த வேலையும் போனா இந்த வயசுல எனக்கு எவன் கொடுப்பான்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அதன் பிறகுதான் நாங்கள் கார்களைப் படிக்க ஆரம்பித்தோம். கார் தாண்டுகிறவரைதான் கொடி நிற்கும் என்றால், எந்தக் கார் எவ்வளவு நேரம் தாண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. பேங்க் அம்மாவின் வெள்ளைக் கார் ஆகாது. கண் மூடித் திறப்பதற்குள் பறந்துவிடும். இரட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் கார் பரவாயில்லை, உள்ளே சண்டை நடப்பதால் தயங்கித் தயங்கிப் போகும். எங்களுக்கு உயிர் கொடுத்தது டாக்டர் கார்தான். பெரிய சாம்பல் நிறக் கார். வயதான டாக்டர், அவரே ஓட்டுவார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். இடைவெளியில் வந்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பவும் முதல் பக்கம் பார்ப்பார். அதற்குள் எங்கள் தெருவே கடந்துவிடலாம்.

"டாக்டர் கார் வரட்டும்" என்பது எங்களுக்கு வாய்ப்பாடாகிவிட்டது. அந்த டாக்டரை யாரும் நேரில் பார்த்துப் பேசியதில்லை. அவர் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தாரோ தெரியாது. காலையில் நிதானமாக ஓட்டியே எங்களை எல்லாம் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியாது.

அன்றைக்கும் டாக்டர் காருக்காகத்தான் நின்றோம். பேங்க் அம்மா கார் வந்தபோது யாரும் அசையவில்லை. எக்ஸ்பிரஸ் என் பின்னால் நின்று, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் வேஷம் கிடைத்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வேஷம் என்று கேட்டேன். மரம் என்றாள். மரத்துக்கு வசனம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம், ஆனால் கடைசிவரை மேடையிலேயே நிற்குமாம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள்.

சாம்பல் நிற மூக்கு வாசலில் தெரிந்தது. விசில் கேட்டது. ரோடு நின்றது. நாங்கள் இறங்கினோம்.

காருக்குள் டாக்டர் இல்லை. அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றும், ஊரிலிருந்து வந்திருந்த மகன்தான் ஓட்டினான் என்றும் பிறகு தெரிந்தது. அது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் பார்த்தது காரை. அது வாசலைத் தாண்டி, இடைவெளியில் ஒரே திருப்பாகத் திரும்பி, போயே போய்விட்டது. அவன் தப்பாக ஓட்டவில்லை. எல்லாரும் ஓட்டுவது போலத்தான் ஓட்டினான். கொடிக்காரரும் சொன்னபடிதான் செய்தார். காரின் பின்பக்கம் தாண்டியது, கொடி இறங்கியது.

நான் எப்போதும் முன்னால் போகிறவள், வாசலுக்குப் போய்விட்டேன். வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சீண்டலாம் என்று திரும்பினேன். அவள் இடைவெளியைத் தாண்டி, ரோட்டின் இந்தப் பாதியில் நடுவில் இருந்தாள். ஊன்றிய காலை எடுக்கப்போகிறாள். கொடி இறங்கியதும் முதலில் கிளம்புவது எப்போதும் பைக்தான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையோடு ஒருவன், ஒரு பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து வளைந்து வந்தான். அவனுக்கு அவள் தெரியவில்லை, அவளுக்கு அவன் தெரியவில்லை.

சத்தத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

அவள் அங்கேயே போய்விட்டாள். அவன் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர்விட்டான். அவன் தலையில் ஹெல்மெட் இருந்ததாம். போலீஸ்காரருக்குக் காட்டுவதற்கென்று நடைபாதையில் விற்கிறார்களே, அந்த ரகம். அது முட்டை ஓடு மாதிரி உடைந்து கிடந்தது. பிணவறை வாசலில் அவன் அம்மாவும் நாங்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். என் மகன் ரொம்ப நிதானமா ஓட்டுவான் என்று அந்த அம்மா எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர், தங்கையைப் பறிகொடுத்தவர், அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். அவர் கோபப்பட ஆள் தேடினார், கிடைக்கவில்லை. போலீஸ் கேஸ் எழுதியது, பைக்கில் வந்து செத்துப்போனவன் மேல்.

அந்த ரோடு வந்ததிலிருந்து அங்கே செத்தவர்களை எனக்குத் தெரியும். தள்ளுவண்டிக்காரர், சைக்கிளில் போன தச்சர், பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒரு அம்மா, இப்போது இவர்கள் இரண்டு பேர். காருக்குள் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவர்களும் சாக வேண்டும் என்று சொல்லவில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஒரே ரோடு, சாவு மட்டும் எப்படி ஆள் பார்த்து வருகிறது என்றுதான் கேட்கிறேன்.

சில நாள் கழித்துக் கொடிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் பார்த்ததில் முதலில் அடையாளம் தெரியவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பாத்தேம்மா" என்றார் என்னிடம். "பாக்காம இறக்கிட்டேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பாத்தேன். அந்தப் பொண்ணு இன்னும் நடந்துட்டுத்தான் இருந்துச்சு. கை தானா இறங்கிடுச்சு. அவ்வளவு பயம்."

திட்டித் தீர்க்க வேண்டும் என்று எத்தனை நாளாக வைத்திருந்தேன் தெரியுமா? ஆனால் கொடி பிடித்த அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"போங்க அண்ணே" என்றேன். "நீங்க மட்டும் என்ன செய்வீங்க." மன்னித்துச் சொன்னேனா, விரட்டிச் சொன்னேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

நான் வேலைக்குப் போகவில்லை. செயலாளர் அம்மா போன் செய்தார், அழுதார். உண்மையான அழுகைதான். எல்லா வீட்டிலும் வசூல் செய்து அனுப்பினார்கள். சங்கம் ஏதாவது முடிவு செய்ததா என்று கேட்டேன். மேம்பாலத்து லிப்டைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். கொடி விஷயம்? வக்கீல் இப்போது இன்னும் பிடிவாதமாக இருக்கிறாராம். பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேனே என்கிறாராம்.

"அப்போ என்னால வர முடியாது மேடம். அந்த ரோட்டைத் தாண்ட எனக்குக் காலே வராது" என்றேன்.

"நான் கார் அனுப்புறேன்" என்றார். "காலையில டிரைவர் வந்து கூட்டிட்டு வருவார், சாயங்காலம் கொண்டுவந்து விடுவார். நீங்க ரோட்டுல காலே வைக்க வேண்டாம்."

இது முன்னாலேயே யாருக்காவது தோன்றியிருந்தால் என்று சொல்ல வாயெடுத்தேன். தோன்றியிருந்தாலும் கார் ஒருத்திக்குத்தான் வந்திருக்கும். வீட்டில் சாப்பிடுகிற வாய் குறையவில்லை. மரமாக நடித்துவிட்டு வந்த பெண் இப்போது என் பொறுப்பு. சரி என்றேன். சொன்ன வாயை அறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை கார் தெருவுக்குள் வந்து நின்றது. பின் கதவை டிரைவரே திறந்துவிட்டார். குனிந்து உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது, குளிர்ந்தது. தெருமுனையில் எங்கள் பட்டாளம் நின்றிருந்தது. ஹாரனைக் கேட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே யார் என்று பார்க்கவில்லை. காருக்குள் யார் என்று நாங்கள் எப்போது பார்த்திருக்கிறோம்?

எதிரே விசில் அடிப்பது கண்ணாடி வழியாக மெல்லிசாகக் கேட்டது. கொடிக்காரர் இடைவெளிக்கு ஓடிவந்து கொடியை நீட்டினார். ரோடு நின்றது. இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, எனக்காக நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது.

பெண்கள் இறங்கினார்கள். காருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கார் நடு இடைவெளிக்கு வந்தது.

"நிறுத்துங்க தம்பி" என்றேன்.

"இங்கயா அக்கா? நடு ரோடு இது."

"நிறுத்துங்க. நான் மேடம்கிட்ட சொல்லிக்கிறேன்."

நிறுத்தினார். கொடிக்காரர் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொடி இறங்கவில்லை. கார் இன்னும் தாண்டவில்லை, கேமராவில் எப்படிப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும். ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், பிறகு நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நடந்தார்கள். கடைசியாக ஒருத்தி, கழன்ற செருப்பை நின்று மாட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொருத்தியாக வாசலுக்குள் போய் மறைந்தார்கள்.

"எல்லாரும் போயாச்சு அக்கா. எடுக்கட்டுமா?"

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

அவள் அந்த முட்டியோடு நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்க வைத்தேன். இடைவெளியிலிருந்து வாசல்வரை, காலை ஊன்றி, எடுத்து, ஊன்றி, வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவளை மனசுக்குள் நடத்திக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் ஒன்றும் ஆகவில்லை. நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவன் தலையை வெளியே நீட்டித் திட்டினான், யாருக்கும் வேறெதுவும் ஆகிவிடவில்லை. பிறகு எடுக்கச் சொன்னேன்.